எள்ளை மறந்த காசிம்: ஜின் கதைகளும் நமது நகைப்பும்

சேலம் நகரிலிருந்து ஏற்காடு மலையடிவாரம் நோக்கிச் செல்லும் சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனத்தின் நுழைவு வளைவு இன்றும் நிற்கிறது. அதன் பின்னே இருந்த படப்பிடிப்புத் தளங்கள் மறைந்து குடியிருப்புகள் எழுந்துவிட்டன. டி.ஆர். சுந்தரம் (1907–1963) 1930களின் நடுவில் நிறுவிய இந்நிறுவனம் நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை உருவாக்கியது. மலையாளத்தின் முதல் பேசும் படமான ‘பாலன்’ (1938) இதன் தயாரிப்பே. தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ (1956) சுந்தரத்தின் தயாரிப்பிலும் இயக்கத்திலும் இங்கிருந்தே வெளிவந்தது. தமிழ்த் திரை முதன்முதலாக முழு நீளத்துக்கு வண்ணம் பூசிக்கொண்டபோது அது காட்டிய உலகம் ஓர் அரபு நாட்டுக் கதையின் உலகமாக இருந்தது என்பதையும், அது எழுந்தது எள்ளும் பருத்தியும் மரவள்ளியும் விளையும் நமது சேலம், நாமக்கல் சமவெளியில்தான் என்பதையும் நம்மவர்களில் பலர் எண்ணிப் பார்த்ததில்லை.

மார்க்கக் கல்வி வட்டங்களில் இத்தகைய படங்களைப் பற்றி இருவகைப் பேச்சே வழக்கில் உள்ளது. ‘குராஃபாத்’ என ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுவோர் ஒரு சாரார். ‘வெறும் சிரிப்புத்தானே’ எனக் கடந்து செல்வோர் மற்றொரு சாரார். இரண்டும் சிந்தனைக்கு வேலை வைக்காத வழிகள். ஜின், பூதம், பேய் என மனிதனுக்கு அப்பாற்பட்ட படைப்புகளை வைத்துத் தமிழர் எழுபது எண்பது ஆண்டுகளாகத் திரையிலும் பின்னர்ச் சின்னத்திரையிலும் சிரித்து வருகின்றனர். அச்சிரிப்பில் நமது பெயரும் உடையும் மொழியும் இடம்பெற்றே வந்துள்ளன. எதைக் கண்டு சிரிக்கிறார்கள், நாம் எதைக் கண்டு அவர்களோடு சேர்ந்து சிரிக்கிறோம் என்று கேட்பது அறிஞர் கடமைக்குப் புறம்பானதன்று. நாம் இங்கு ஃபத்வா வழங்க முற்படவில்லை. சில படைப்புகளை அவற்றின் மூலத்தோடு வைத்துப் படித்துப் பார்க்கவே விரும்புகிறோம்.

அலிபாபா கதையிலிருந்தே தொடங்குவோம். ‘அல்ஃப் லைலா வ லைலா’வின் தொன்மையான அரபிச் சுவடிகளில் இக்கதை இல்லை என்பது அரபி பயின்றோருக்குத் தெரிந்ததே. முஹ்ஸின் மஹ்தி 1984இல் லெய்டன் நகரில் வெளியிட்ட செம்பதிப்பிலும் இது இடம்பெறவில்லை. அலெப்போ நகரைச் சேர்ந்த மரோனைட் கிறிஸ்தவரான ஹன்னா தியாப் 1709இல் பாரிஸில் இதனை வாய்மொழியாகச் சொல்ல, அந்துவான் காலான் கேட்டுக் குறிப்பெடுத்துத் தமது பிரெஞ்சுத் தொகுதியில் சேர்த்தார். அது 1717இல், காலான் மறைந்த பின்னர், அச்சேறியது. ஹன்னா தியாப் தம் கைப்பட எழுதிய பயண நூல் வத்திக்கான் நூலகத்தில் நெடுங்காலம் கேட்பாரற்றுக் கிடந்து, 2015இல்தான் பிரெஞ்சு மொழிபெயர்ப்பாக உலகறிய வந்தது. ஆக, இது ஓர் அரபியர் சொன்ன கதை. அரபு நூலகம் காத்து வைத்த கதையன்று. ஆயினும் இதன் நகைச்சுவை அரபு மரபின் நகைச்சுவையே என்பது நம் கருத்து.

கதையின் உச்சமான நகைப்பு எங்கே இருக்கிறது? குகையைத் திறக்கும் சொல் ‘ஸிம்ஸிம்’. எள். செக்கில் ஆட்டும் அதே எள். ஏழை விறகுவெட்டியான அலிபாபாவின் நாவில் அது தங்கிவிடுகிறது. செல்வரான அண்ணன் காசிம் கோவேறு கழுதைகளை ஓட்டிச் சென்று, குகைக்குள் நுழைந்து, பொன்னைக் கண்டு மயங்கி, வெளியேற வேண்டிய வேளையில் அச்சொல்லை மறந்துவிடுகிறார். பிறகு வாற்கோதுமை என்கிறார், வேறு தானியப் பெயர்களையெல்லாம் ஒவ்வொன்றாக அழைக்கிறார். கதவு அசையவில்லை. களஞ்சியத்துக்கு உரியவருக்குத் தானியங்கள் எல்லாம் நினைவில் வருகின்றன. அனைத்திலும் சிறிய ஒன்று மட்டும் வருவதில்லை. கேட்பவர் சிரிக்கிறார். அடுத்த கணம் திருடர்கள் வருகிறார்கள், காசிம் வெட்டுண்டு கிடக்கிறார். சிரித்த வாய் மூடுவதற்குள் அச்சம் புகுந்துவிடுகிறது. அற்புதம் இங்கே சிரிப்புக்குரிய பொருளாக ஆக்கப்படவில்லை. பாறை தன் இயல்பில் நிற்கிறது. மனிதனின் பேராசையும் மறதியுமே சிரிப்புக்கு உள்ளாகின்றன.

மாடர்ன் தியேட்டர்ஸ் படத்தில் இச்சொல் என்ன ஆயிற்று? அரபி ‘ஸிம்ஸிம்’ என்பதோடு ஒரே வேர்வழி கொண்ட கிரேக்கச் சொல் ஐரோப்பாவில் உருமாறி, ஆங்கிலத்தின் வழியாகச் சேலத்தை அடைந்து ‘சீசேம்’ ஆயிற்று. அதற்கு முன்னே அரபி போல் ஒலிக்கும் பொருளற்ற சொற்கள் சில கோக்கப்பட்டன. அவை என்னவென்று இங்கு எழுத வேண்டியதில்லை. தமிழகத்தில் அறுபது வயதானவரும் ஆறு வயதானவரும் அறிவர். ஒலி நயத்தில் அது பெரும் வெற்றி என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் எள் தொலைந்துபோயிற்று. எள் விளையும் மண்ணில் எடுக்கப்பட்ட படத்திலேயே எள் தொலைந்தது ஒரு விந்தை. பொருளற்ற நீண்ட மந்திரத்தை மறப்பது எவருக்கும் நேரக்கூடியது. அதில் காசிமுக்குத் தனி இழுக்கு எதுவுமில்லை. தினமும் உண்ணும் பொருளின் பெயரைப் பொன்னின் முன்னே மறப்பதே இழுக்கு. மூலக் கதையின் கூர்மை இவ்வாறு மழுங்கிற்று.

இன்னொன்றும் நிகழ்ந்தது. அரபி என்றால் பொருளில்லாத மந்திர ஒலி என்னும் எண்ணம் பிள்ளைகள் மனத்தில் விளையாட்டாகப் பதிந்தது. அரபிச் சொல் ஒன்றைக் கேட்டவுடன் அந்தக் குகை மந்திரத்தைச் சொல்லிச் சிரிக்கும் வழக்கத்தைப் பள்ளிக்கூட நாட்களில் நம்மில் பலர் கண்டிருக்கிறோம். அதில் பகைமை இருந்ததில்லை. எனினும் இலக்கணமும் தர்க்கமும் வானியலும் எழுதப்பட்ட ஒரு மொழி, வாயைக் குவித்துச் சொன்னால் பாறை திறக்கும் ஒலியாகச் சுருங்கிப்போனதற்கு அச்சிரிப்பும் ஒரு காரணம்.

இவ்வளவு சொன்ன பின் படத்துக்குரிய நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். எம்.ஜி.ஆர். அலிபாபாவாகவும், பி. பானுமதி மர்ஜியானாவாகவும், பி.எஸ். வீரப்பா கொள்ளையர் தலைவனாகவும் நடித்தனர். காசிமாக வந்த எம்.ஜி. சக்கரபாணி உண்மை வாழ்விலும் எம்.ஜி.ஆரின் அண்ணனே. முதன்மைப் பாத்திரங்கள் அனைத்தும் முஸ்லிம் பெயர் தாங்கியவை. ஆயினும் அவர்களைச் சிரிப்புக்குரியவராக்க உடைந்த தமிழ் எதுவும் அவர்கள் வாயில் வைக்கப்படவில்லை. ‘நம்பள்’, ‘நிம்பள்’ என்று பேசும் திரைப் பாய் அங்கு இல்லை. வீரனும் கயவனும் கோமாளியும் ஒரே மேடைத் தமிழைப் பேசுகின்றனர். கே.ஏ. தங்கவேலுவின் நகைச்சுவை அவருடைய வழக்கமான குழைவிலும் தடுமாற்றத்திலும் பிறக்கிறதேயன்றி, அவர் தாங்கிய பெயரிலிருந்து பிறக்கவில்லை. இதற்கு முன்னரே 1941இல் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் அலிபாபாவாக வேடமேற்று, டி.ஏ. மதுரத்துடன் இக்கதையை நகைச்சுவைப் படமாகவே ஆக்கியிருந்தார் என்பதும் நினைக்கத்தக்கது. சுந்தரமும் பின்னாளில், மலையாளத்தின் முதல் வண்ணப் படமான ‘கண்டம் பெச்ச கோட்டு’வை (1961) மாப்பிள்ளை முஸ்லிம்களின் வாழ்வைக் களமாகக் கொண்டு இயக்கினார். ஹஜ்ஜுக்காகப் பணம் சேர்க்கும் ஏழைச் செருப்புத் தொழிலாளி ஒருவரின் கதை அது. இரு மொழிகளின் முதல் வண்ணப் படங்களும் முஸ்லிம் பெயர்களோடு சேலத்திலிருந்து சென்றன.

நகை பிறக்கும் களங்களைத் தொல்காப்பியர் நான்காக வகுத்தார். அவற்றுள் எள்ளல் ஒன்று, பேதைமை மற்றொன்று. காசிமின் கதையில் பிறப்பது பேதைமை வழிவந்த நகை. எள்ளல் வழிவந்த நகை வேறு. அது ஒருவரை அவர் செய்த செயலுக்காக அல்லாமல் அவராக இருப்பதற்காகவே சிரிப்பது. நமது மரபிலும் இப்பிரிவு தெளிவாகவே உள்ளது. ‘மிஸாஹ்’ எனப்படும் இனிய பரிகாசம் நபி (ஸல்) அவர்களிடமே இருந்தது. அதில் பொய் இருந்ததில்லை. ‘ஸுக்ரிய்யா’ எனப்படும் இழித்துச் சிரித்தல் அல்ஹுஜுராத் அத்தியாயத்தில் விலக்கப்பட்டது. அங்கே விலக்கு ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரை இழிப்பதைப் பற்றியே தொடங்குகிறது.

அற்புத நிகழ்வின் நடுவே சிரிப்பு வரலாமா என்று ஐயுறுவோர் அந்நம்ல் அத்தியாயத்தை நினைவுகூரட்டும். ஸுலைமான் (அலை) அவர்களின் பெரும்படை வருகிறது. ஜின்களும் மனிதர்களும் பறவைகளும் அணிவகுத்து வருகையில், ஓர் எறும்பு தன் இனத்தாரைப் புற்றுக்குள் நுழையச் சொல்லி எச்சரிக்கிறது. படை அறியாமலே மிதித்துவிடக்கூடும் என்று அவர்களுக்குச் சாக்கும் சொல்லி வைக்கிறது. அதைக் கேட்டு நபி புன்னகைத்துச் சிரிக்கிறார். உடனே இறைவனுக்கு நன்றி செலுத்துகிறார். எறும்பைச் சிறுமைப்படுத்தும் சிரிப்பு அதில் இல்லை. பெருவல்லமை பெற்ற ஒருவர் மிகச் சிறிய உயிரின் அறிவைக் கண்டு மகிழும் சிரிப்பு அது.

அதே நபியின் வரலாற்றில் ஜின்களைப் பற்றிய மற்றொரு காட்சி ஸபஉ அத்தியாயத்தில் வருகிறது. அவர் கைத்தடியில் சாய்ந்த நிலையிலேயே மரணமடைகிறார். ஜின்களோ அவர் உயிரோடு இருப்பதாக எண்ணிக் கடும் பணியில் உழன்றுகொண்டே இருக்கின்றன. கரையான் தடியை அரித்து உடல் விழுந்த பிறகே உண்மை புலனாகிறது. மறைவானவற்றை அறிந்திருந்தால் அவ்வேதனையில் நீடித்திருக்கமாட்டோம் என்பது அப்போதுதான் அவற்றுக்குத் தெளிவாகிறது. ஜின்களுக்கு எல்லாம் தெரியும் என நம்பிய உலகத்தின் முன் ஒரு கரையானைச் சாட்சியாக நிறுத்தும் இக்காட்சியின் அங்கதம் நமது விரிவுரைகளில் போதிய அளவு பேசப்படவில்லை என்றே எண்ணுகிறோம்.

‘அல்ஃப் லைலா’வின் தொன்மையான பகுதியில் உள்ள மீனவன் கதையின் நகைச்சுவை நேராக இதிலிருந்தே ஊற்றெடுக்கிறது என்பது நம் வாசிப்பு. மீனவன் வலையில் சிக்கிய செம்புச் சாடியைத் திறக்கிறான். வானளாவ எழும் ஜின், முதலில் செய்வது ஸுலைமானிடம் மன்னிப்புக் கோருவதே. அவர் மறைந்து பல நூற்றாண்டுகள் ஆயிற்றே என்கிறான் மீனவன். கரையானுக்குத் தெரிந்தது இதற்குத் தெரியவில்லை! பிறகு விடுவித்தவனையே கொல்லப்போவதாக அது மிரட்டுகிறது. இவ்வளவு பெரிய உடல் இச்சிறு சாடிக்குள் எப்படி அடங்கியிருக்கும், நான் நம்பமாட்டேன் என்கிறான் மீனவன். தன் ஆற்றலை ஐயுற்றதைப் பொறாத ஜின் மீண்டும் உள்ளே புகுந்து காட்டுகிறது. மூடி விழுகிறது. காசிம் பேராசையால் வீழ்ந்தார், ஜின் தற்பெருமையால் வீழ்ந்தது. மனிதரும் ஜின்னும் ஒருசேரக் கட்டளைக்கு உட்பட்டோர் என்பது நமது நம்பிக்கை. ஆகவேதான் இரு சாராரின் பேதைமையும் ஒரே தராசில் நிறுக்கப்படுகிறது.

கற்றோர் இலக்கியமும் இவ்வகைச் சிரிப்பை அறிந்திருந்தது. ஹிஜ்ரி 255இல் மறைந்த ஜாஹிழ் தமது ‘கிதாபுல் ஹயவான்’ நூலில், பாலைவெளியில் ஜின்னையும் கூலையும் கண்டதாகச் சொல்வோரைப் பற்றித் தம் ஆசிரியர் நழ்ழாமின் விளக்கத்தைத் தருகிறார். தனிமை நீளும்போது சிறியது பெரியதாகத் தோன்றும். தோன்றியதை அவன் கவிதையாக்குவான். கவிதையைக் கேட்டுப் பிள்ளைகள் வளர்வர். அடுத்த தலைமுறை இருளில் நடக்கையில் கவிதையே எதிரே வந்து நிற்கும். ஜின் உண்டென்பதை மறுக்கும் வாதமன்று இது. கண்டேன் என்பவனை நோக்கிய மெல்லிய நகைப்பு. பதீஉஸ்ஸமான் ஹமதானீயின் ‘இப்லீஸிய்யா’ என்னும் மகாமாவில், தொலைந்த ஒட்டகங்களைத் தேடிச் செல்பவர் பசும் பள்ளத்தாக்கு ஒன்றில் முதியவர் ஒருவரைச் சந்திக்கிறார். அவர் ஜரீரின் புகழ்பெற்ற கவிதையைத் தமது என்று கூச்சமின்றிப் பாடிக் காட்டுகிறார். கவிதைத் திருட்டைப் பற்றி அந்நாளில் நிலவிய பேச்சையெல்லாம் இப்லீஸின் வாயிலேயே வைத்துவிட்டார் ஹமதானீ. அந்தலுஸில் வாழ்ந்த இப்னு ஷுஹைத் (இறப்பு ஹிஜ்ரி 426) இன்னும் ஒரு படி மேலே செல்கிறார். தம் தோழனான ஜின்னுடன் ஜின்களின் நாட்டுக்குச் சென்று, பழம் புலவர்களுக்குப் பின்னிருந்த ஜின்களையெல்லாம் சந்தித்துத் தம் கவிதைக்கு நற்சான்று பெற்றுத் திரும்புகிறார். அந்நாட்டில் கோவேறு கழுதைகள் காதற்கவிதையைப் பற்றி வழக்காடுகின்றன. வாத்து ஒன்று இலக்கணப் புலமை காட்டிச் செருக்குகிறது. அந்த வாத்தை நாம் பல கருத்தரங்குகளில் சந்தித்திருக்கிறோம்.

‘குராஃபாத்’ என்று ஒதுக்கும் சாராருக்காகவும் ஒரு சொல். குராஃபா என்பது ஒரு மனிதரின் பெயர் என்று திர்மிதீயின் ‘ஷமாயில்’ நூலில், நபி (ஸல்) அவர்களின் இரவுப் பேச்சைப் பற்றிய பாடத்தில் ஓர் அறிவிப்பு உண்டு. நபியவர்கள் ஓரிரவு தம் துணைவியருக்கு ஒரு செய்தி சொன்னார்கள். இது குராஃபாவின் பேச்சுப் போல் உள்ளதே என்றார் ஒருவர். அதற்கு நபியவர்கள், குராஃபா உத்ரா குலத்தைச் சேர்ந்தவர் என்றும், அறியாமைக் காலத்தில் ஜின்கள் அவரைச் சிறைபிடித்து நெடுங்காலம் வைத்திருந்து திருப்பி அனுப்பின என்றும், தாம் கண்ட வியப்புகளை அவர் மக்களுக்குச் சொல்லி வந்தார் என்றும் விளக்கினார்கள். அறிவிப்பாளர் தொடரைப் பற்றி ஹதீஸ்கலை அறிஞரிடையே விவாதம் உண்டு. ஆயினும் வியப்புக் கதையை மனைவியரோடு பேசி மகிழும் இல்லத்தின் சித்திரத்தை நம் முன்னோர் மறைக்காமல் பதிந்து வைத்தனர்.

இனித் தமிழுக்குத் திரும்புவோம். எம்.வி. ராமன் இயக்கிய ‘பட்டணத்தில் பூதம்’ (1967) மீனவன் கதையின் தொலைதூரப் பேரன். எஃப். ஆன்ஸ்டி என்ற ஆங்கில எழுத்தாளர் 1900இல் ‘பித்தளைப் புட்டி’ என்னும் பொருள்படும் பெயரில் எழுதிய நாவலும், அதை ஒட்டி 1964இல் வந்த ஆங்கிலப் படமும் நடுவில் இருந்த தலைமுறைகள். அந்நாவலில் ஸுலைமானின் சாடியிலிருந்து வெளிவரும் ஜின் இலண்டன் நகரில் தன்னை விடுவித்தவனுக்குக் கைம்மாறு செய்யத் துடிக்கிறது. ஒட்டக வரிசையில் செல்வத்தை அனுப்பி அவனைத் தெருவாரின் முன் தலைகுனிய வைக்கிறது. நன்றி செலுத்துவதே இடுக்கண் ஆகும் நிலை. தமிழில் ஜாவர் சீதாராமன் பூதமாக வந்தார். அவர் குரலிலும் உடல்மொழியிலும் ஒரு மரியாதை இருந்தது. ஜெய்சங்கரும் நாகேஷும் அதைக் கண்டு படும் பதற்றமே சிரிப்பை விளைத்தது. ஆனால் ஸுலைமான் போய்விட்டார். சாடியை மூடியவர் எவர், எதற்காக மூடினார் என்ற கேள்வி போனபின், ஜின் ஒரு குற்றவாளியாக இல்லாமல் ஓர் ஏவலாளாக ஆயிற்று. ‘பூதம்’ என்ற சொல்லே அதற்குத் துணை நின்றது. ஜின்னுக்கு மார்க்கம் உண்டு, கணக்கு உண்டு, அல்ஜின் அத்தியாயத்தில் குர்ஆனைக் கேட்டு ஈமான் கொள்ளும் செவி உண்டு. பூதத்துக்குப் பாரம் சுமக்கும் தோள் மட்டுமே உண்டு.

சன் தொலைக்காட்சியில் 2004இல் தொடங்கிய ‘மை டியர் பூதம்’ தொடரில் அப்பூதம் ஒரு சிறுவனாயிற்று. பள்ளிப் பிள்ளைகளுக்கு நண்பனான அச்சிறுவனுக்கு வைக்கப்பட்ட பெயர் மூசா. இளமையும் நகைக்கு ஒரு களம் என்பது தொல்காப்பியர் வகுத்த நெறியே. அத்தொடரைப் பார்த்துச் சிரித்த பிள்ளைகளில் நமது மத்ரஸாவுக்கு மாலையில் வந்தோரும் அடங்குவர். தொடரை ஆக்கியோருக்கு இழிவுபடுத்தும் நோக்கம் இருந்ததாக நாம் கருதவில்லை. மூசா நல்லவன், பிள்ளைகளுக்கு உற்றவன். நம் கேள்வி வேறு. ஃபிர்அவ்னின் அவையில் சூனியக்காரர்களை எதிர்த்து நின்ற நபியின் பெயரே மாயம் செய்யும் சிறுவனுக்கு இயல்பாகப் பொருந்தும் என்று எழுதியோருக்கு ஏன் தோன்றியது? ஐம்பது ஆண்டுகளாக மந்திரம் என்றால் அரபுப் பெயர் என்று பழகிய செவிக்கு அது தோன்றாதிருந்தால்தான் வியப்பு. எள் தொலைந்த குகையிலிருந்து இங்கு வரை ஒரே பாதை.

பேய் நகைச்சுவைப் படங்கள் பெருகிய பின் அப்பாதை நமது வாசலுக்கே வந்துவிட்டது. ‘முனி’ (2007), ‘காஞ்சனா’ (2011), ‘அரண்மனை’ (2014) எனத் தொடர்ந்த இவ்வரிசையில் கதைக்கட்டு பெரும்பாலும் ஒன்றே. கோழையான நாயகன், அஞ்சி ஓடும் குடும்பம், பழிவாங்க வந்த ஆவி, அதை ஓட்ட வரும் ஒருவர். ஓட்ட வருபவர் சில வேளைகளில் பூசாரி, சில வேளைகளில் பாதிரியார், சில வேளைகளில் சாம்பிராணிப் புகையும் மயிலிறகுக் கட்டும் ஏந்திய பாய். அச்சமும் சிரிப்பும் அடுத்தடுத்து வரும் உத்தி காசிமின் குகையிலும் இருந்ததே. ஆனால் குகையில் சிரிப்பு அச்சத்தைக் கூர்மையாக்கியது. இப்படங்களில் பெரும்பாலும் சிரிப்பு அச்சத்தைக் கலைக்கிறது, அச்சம் சிரிப்பைக் கலைக்கிறது, இடைவேளை வந்துவிடுகிறது.

சேலம், நாமக்கல் பகுதியிலும் தமிழகத்தின் ஏனைய ஊர்களிலும் மஃக்ரிப் தொழுகை முடியும் நேரத்தில் பள்ளிவாசல் வாசலில் தாய்மார் குழந்தைகளோடு நிற்பதைக் காணலாம். பெரும்பாலோர் பிற சமயத்தவர். இரவில் வீறிட்டு அழும் குழந்தைக்கு ஓதி ஊதித் தரக் கேட்டு வருவோர். இமாம் ஓதி ஊதுகிறார், கூலி கேட்பதில்லை. குழந்தை சிரித்தால் அவரும் சிரிக்கிறார். இந்த எளிய உறவு திரைக்கு வரும்போது மயிலிறகாகவும் உருட்டிய விழியாகவும் உடைந்த தமிழாகவும் மாறிவிடுகிறது. பார்ப்போர் சிரிப்பது பேயைக் கண்டா, பேயோட்டியைக் கண்டா? பிந்தையதே என்றால் அது பேதைமை நகையின் எல்லையைக் கடந்துவிட்டது. வாசலில் நின்ற தாயும் அத்திரையரங்கில் அமர்ந்திருப்பார் என்பதை நினைக்கையில் இது சிறு செய்தியாகத் தோன்றவில்லை.

எல்லாப் படங்களையும் ஒரே கயிற்றில் கட்டுவது நேர்மையாகாது. ‘காஞ்சனா’வில் நாயகன் உடலில் புகும் மூன்று ஆவிகளுள் ஒருவர் அக்பர் என்னும் முஸ்லிம் பெரியவர். வீட்டை விட்டுத் துரத்தப்பட்ட திருநங்கைக்குப் புகலிடம் தந்து, அதற்காக உயிரையும் இழந்தவர். இறந்தோரின் உயிர் பர்ஸகில் இருப்பது, உலவித் திரிந்து பழிவாங்க வருவதில்லை என்ற நமது அகீதாவுக்கு இக்கதை முற்றிலும் முரணானது. எனினும் முன்பாதியின் கேலியை மறக்கச் செய்யும் கண்ணியம் பின்பாதியில் அப்பாத்திரத்துக்குக் கிடைத்தது. பல சமூகப் படங்களில் நமக்குக் கிட்டாத கண்ணியம் அது என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

பிறரைக் கேட்கும் கேள்வியை நம்மவரிடமும் கேட்க வேண்டாமா? மறைவுலகின் பெயரால் பிழைப்போரைச் சிரித்துக் காட்டும் பணியை நமக்குள்ளிருந்தே செய்தவர் தோப்பில் முஹம்மது மீரான். 1988இல் நூலாக வந்த ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’யில், வெளியூரிலிருந்து வந்து இறங்கும் தங்ஙள் ஒருவரிடம் ஊரே மயங்கிக் கிடக்கிறது. ஜின்னையும் சைத்தானையும் சொல்லி அவர் பிழைக்கும் பிழைப்பை மீரான் சினம் காட்டாமல், ஊர்மக்களின் பேச்சுமொழியிலேயே வைத்துச் சிரிக்கிறார். நம்மில் சிலர் அந்நாவலைச் சமூகத்தைக் காட்டிக்கொடுத்ததாக எண்ணினர். ஜாஹிழைப் பாடம் நடத்திக்கொண்டே மீரானை வெறுப்பது எங்ஙனம் பொருந்தும் என்பது விளங்கவில்லை.

அஞ்சுவதும் இழிப்பதும் இன்றி மறைவுலகோடு சிரித்துப் பேசிய எழுத்துக்கு நாம் அண்டை மொழிக்குத்தான் செல்ல வேண்டியுள்ளது. வைக்கம் முஹம்மது பஷீரின் ‘நீலவெளிச்சம்’ சிறுகதை தமிழ் வாசகருக்கும் அறிமுகமானது. அதை விரித்துப் பஷீரே எழுதிய திரைக்கதை 1964இல் ‘பார்கவி நிலையம்’ என்ற படமாயிற்று. எழுத்தாளர் ஒருவர் வாடகைக்குப் பிடித்த வீட்டில், கிணற்றில் விழுந்து இறந்த பார்கவி என்னும் பெண்ணின் ஆவி உலவுவதாக ஊரார் சொல்கின்றனர். அவர் பேயோட்டியைத் தேடவில்லை. வீட்டைக் காலி செய்யவுமில்லை. முன்பே குடியிருக்கும் ஒருவரிடம் புதிதாக வந்தவர் பேசும் பணிவோடு பார்கவியிடம் பேசத் தொடங்குகிறார். நான் எழுதி வாழ்பவன், உனக்குத் தொல்லை தரமாட்டேன், கழுத்தை நெரிக்க விரும்பினால் கேட்பார் எவருமில்லை என்ற பாங்கில் அப்பேச்சு போகிறது. படிப்பவர் சிரிக்கிறார், அச்சிரிப்பில் பார்கவிக்கு யாதோர் இழுக்குமில்லை. அரபியில் ‘அதப்’ என்ற ஒரே சொல் இலக்கியத்தையும் நன்னடத்தையையும் குறிப்பதன் பொருத்தத்தை இக்கதையைக் கொண்டு விளக்குவது எளிது.

நமது மாணவர்க்கு இப்னு ஷுஹைதையும் இக்கதையையும் அடுத்தடுத்துப் படிக்கத் தந்ததுண்டு. பார்கவி ஆவியென்றால் அகீதா இடம் தராதே, அவள் ஜின்னா என்று கேட்டனர் சிலர். நியாயமான கேள்விதான், அவர்கள் தங்களுக்குள் மஃக்ரிப் வரை வழக்காடினர். பஷீரின் கதையிலோ ஓரிரவு எழுதிக்கொண்டிருக்கையில் விளக்கில் எண்ணெய் தீர்ந்துவிடுகிறது. அவர் எண்ணெய் வாங்கிவர நண்பர்களிடம் செல்கிறார். திரும்பி வந்து கதவைத் திறக்கையில், எண்ணெயற்ற விளக்கு நீலமாய் எரிந்துகொண்டிருக்கிறது. யார் ஏற்றினார் என்று பஷீர் சொல்லவில்லை.